மறதியும் கைபேசியும்: வேங்கிக்காலிலிருந்து சில எண்ணங்கள்

தமிழில் மறதியைக் குறிக்கச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. திருக்குறளின் 54ஆம் அதிகாரம் 'பொச்சாவாமை'. அங்கே பேசப்படும் பொச்சாப்பு, உவகைக் களிப்பில் தன் கடமையை மறந்திருத்தல். அதாவது ஓர் ஒழுக்கக் குறை. ஈழத்து வழக்கில் 'அறளை பெயர்தல்' என்றொரு தொடர் உண்டு. முதுமையில் அறிவு நிலை தடுமாறுவதைக் குறிக்கும் அருமையான தொடர். ஆயினும் பெரும்பாலும் ஏச்சாகவே அது புழங்கி வந்திருக்கிறது. எங்கள் திருவண்ணாமலைப் பக்கத்திலோ இவ்வளவு சிரமமும் இல்லை. 'வயசானா அப்படித்தான்' என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறோம். குறையாகவோ ஏச்சாகவோ விதியாகவோ மறதியைச் சொல்ல நம்மிடம் மொழி இருக்கிறது. நோயாகச் சொல்லத்தான் இல்லை.

'டிமென்சியா'வுக்கு மருத்துவர்களும் இதழாளர்களும் மறதிநோய், முதுமறதி, நினைவிழப்பு நோய் என்று பல பெயர்களை இட்டுப் பார்த்திருக்கிறார்கள். எதுவும் முழுமையாகப் பொருந்தவில்லை. ஏனெனில் இந்நோய் பறிப்பது நினைவை மட்டுமன்று. வீட்டுக்குத் திரும்பும் வழி, பழகிய பொருளின் பெயர், உலையில் அரிசி இடுவதற்கு முன் நீர் வைக்க வேண்டும் என்னும் வரிசை, எதிரில் நிற்பவர் மகனா அயலானா என்னும் தெளிவு ஆகிய அனைத்தும் ஒவ்வொன்றாகக் கழன்று போகின்றன. இதை நாம் சொல்லாராய்ச்சிக்காகச் சொல்லவில்லை. பெயர் இல்லாத நோய்க்காக எவரும் மருத்துவரிடம் போவதில்லை. தடுப்பைப் பற்றி எண்ணுவதும் இல்லை.

கணக்கு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இந்தியாவில் முதியோரிடையே மேற்கொள்ளப்பட்ட லாசி-டாட் என்னும் நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், ஏறத்தாழ 88 லட்சம் பேர், இந்நோயுடன் வாழ்வதாக அது மதிப்பிட்டது. இதனினும் முக்கியமானது இந்த எண்ணின் உட்பிரிவு. ஆண்களில் 5.8 விழுக்காடு, பெண்களில் 9 விழுக்காடு. நகரத்தில் 5.3, கிராமத்தில் 8.4. ஓய்வுபெற்ற நகரத்து அதிகாரிகளின் நோய் இது என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக ஊன்றியிருக்கிறது. உண்மை நேர்மாறானது. பள்ளிக்குச் செல்லாத கிராமத்துப் பாட்டிதான் இந்நோயின் முதல் இலக்கு.

உலக அளவிலும் இத்தகைய கோணல் இருந்ததை 1998இலேயே ஆய்வாளர்கள் கண்டுகொண்டனர். கொச்சியில் நடந்த கூட்டமொன்றில் பிறந்த '10/66' என்னும் ஆய்வுக் குழுவின் பெயரே ஒரு குற்றச்சாட்டு. நோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் 10 விழுக்காடு கூட அவர்களைப் பற்றியதாக இல்லை என்பதே அதன் பொருள். அக்குழுவின் இந்தியக் களங்கள் இரண்டும் தமிழ்நாட்டில்தான் அமைந்தன: நகரத்துக்குச் சென்னை, கிராமத்துக்கு வேலூர். 1989 வரை நாமும் வேலூரும் ஒரே வட ஆர்க்காடு மாவட்டத்தார். எனவே இதனை எங்கோ நடந்த ஆராய்ச்சி என்று ஒதுக்கிவிட நமக்கு வழியில்லை.

நிற்க. தடுக்க முடியுமா என்பதே கேள்வி. மருத்துவ இதழான 'லான்செட்' அமைத்த ஆணையம் இதுவரை மூன்று அறிக்கைகளை வெளியிட்டிருக்கிறது. 2017இல் மாற்றத்தக்க காரணிகள் 9 என்றும், அவற்றை நீக்கினால் நோயில் 35 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்றும் கூறியது. 2020இல் காரணிகள் 12, பங்கு 40 விழுக்காடு. 2024இல் 14 காரணிகள், ஏறத்தாழ 45 விழுக்காடு. இளமையில் கல்வியின்மை, கேள்திறன் இழப்பு, பார்வை இழப்பு, மிகை இரத்த அழுத்தம், நீரிழிவு, கெட்ட கொழுப்பு, உடற்பருமன், உடலுழைப்பின்மை, புகை, மது, தலைக்காயம், மனச்சோர்வு, தனிமை, காற்று மாசு ஆகியவை அந்தப் பதினான்கு. இப்பட்டியலை ஒருமுறை ஊன்றிப் படிக்கும்படி வாசகர்களை வேண்டுகிறோம். இதில் 'மூளை' என்ற சொல் எங்கும் இல்லை. காது, கண், இரத்தம், அடுப்பு, சாலை, பள்ளிக்கூடம், பேச்சுத்துணை என நம் அன்றாடம் முழுவதும் இருக்கிறது.

இந்த 45 விழுக்காட்டைத் தவறாகப் புரிந்துகொள்ளும் ஆபத்தையும் உடனே சொல்லியாக வேண்டும். அது ஒரு மக்கள் தொகையைப் பற்றிய மதிப்பீடு. தனி மனிதர் ஒருவருக்கு அளிக்கப்படும் உத்தரவாதம் அன்று. நாள்தோறும் நடந்தவருக்கும், நான்கு மொழி கற்றவருக்கும் இந்நோய் வரக்கூடும். வந்தவரைப் பார்த்து 'ஒழுங்காக வாழவில்லை, அதனால்தான்' என்று சொல்வது அறிவியலும் அன்று, மனிதத்தன்மையும் அன்று. பொச்சாப்பு என்னும் பழைய குற்றத்தைப் புதிய மருத்துவச் சொல்லில் சுமத்துவதாகவே அது முடியும்.

வாழ்க்கை முறையை மாற்றினால் பயன் உண்டு என்பதற்கு முதல் வலுவான சான்று பின்லாந்திலிருந்து வந்தது. மீயா கிவிபெல்தோ தலைமையில் 60 முதல் 77 வயது வரையிலான 1260 பேரிடம் ஈராண்டுகள் நடந்த 'ஃபிங்கர்' ஆய்வு 2015இல் வெளியானது. உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, இரத்த அழுத்தம் முதலியவற்றின் கண்காணிப்பு ஆகிய நான்கையும் சேர்த்துக் கொடுத்தபோது, பொதுவான அறிவுரை மட்டும் பெற்றோரைவிட இவர்களின் அறிவுத்திறன் மேம்பட்டது. ஆனால் பயிற்றுநர், உணவியலர், உளவியலர், செவிலியர் என்று ஒரு சிறு படையே அதற்குத் தேவைப்பட்டது. அத்தனை பேரை எங்கே தேடுவது? இங்கேதான் கைபேசியும் இணையமும் உள்ளே வருகின்றன. அறிவுரையைச் செயலி சொல்லட்டும், நடையைக் கருவி எண்ணட்டும், பயிற்சியைத் திரை நடத்தட்டும் என்பது அவற்றின் வாக்குறுதி.

இவ்வாக்குறுதியை வெறும் விளம்பரம் என்று தள்ளிவிட முடியாது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்சு மாநிலத்தில் 55 முதல் 77 வயது வரையிலான 6104 பேரிடம் முழுக்க இணையத்தின் வழியாகவே மூன்றாண்டுகள் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2025இல் வெளியானது. உடற்பயிற்சி, உணவு, மூளைப் பயிற்சி, மன அமைதி என அவரவர் தேவைக்கேற்பப் பாடங்கள் அனுப்பப்பட்டன. தகவல் மட்டும் பெற்றோரைவிடப் பயிற்சி பெற்றோர் அறிவுத்திறன் சோதனையில் முன்னேறியிருந்தனர்.

நம் ஊர்ச் சான்று இதற்கும் மூத்தது. சென்னை மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நீரிழிவின் வாசலில் நின்ற 537 ஆண்களைத் தேர்ந்து, ஒரு பாதியினருக்கு உணவு, உடற்பயிற்சி பற்றிய குறுஞ்செய்திகளை ஈராண்டுகள் தொடர்ந்து அனுப்பினர். செயலி இல்லை, காணொளி இல்லை. சாதாரணக் கைபேசியில் வரும் சில வரிகள் மட்டுமே. செய்தி பெறாதோரில் 27 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. பெற்றோரில் 18 விழுக்காட்டினருக்கே வந்தது. 2013இல் வெளியான இம்முடிவு மறதிநோய் பற்றியதன்று. ஆனால் நீரிழிவு அந்தப் பதினான்கில் ஒன்று. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு உண்டு என்று 2023இல் வெளியான மற்றொரு பெரிய ஆய்வு மதிப்பிட்டிருப்பதை எண்ணினால், சில வரிக் குறுஞ்செய்தியின் மதிப்பு விளங்கும்.

ஆக, கைபேசியால் பயன் உண்டா என்னும் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. யாருக்குப் பயன் என்பதே மிச்சமிருக்கும் கேள்வி. ஆஸ்திரேலிய ஆய்வில் சேர்ந்தோர் அனைவரும் கணினியும் இணையமும் கைவரப்பெற்றோர். இராமச்சந்திரனின் ஆய்வில் பங்கேற்றோர் அனைவரும் வேலையில் இருந்த ஆண்கள். லாசி-டாட் ஆய்வு சுட்டிக்காட்டும் கிராமத்துப் பெண் இரண்டிலும் இல்லை. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஒருமுறையேனும் இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் 33.3 விழுக்காடு, ஆண்கள் 57.1. அதுவும் 49 வயது வரையிலானோர் கணக்கு. அறுபதைக் கடந்தோர் நிலையை ஊகித்துக் கொள்ளலாம்.

இதைக் காண விரும்புவோர் வேங்கிக்காலுக்கு வரலாம். திருவண்ணாமலையிலிருந்து வேலூர் செல்லும் சாலையில், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்த இடம் இது. திங்கட்கிழமைகளில் மக்கள் குறைதீர் நாள். முதியோர் உதவித்தொகை, பட்டா, குடும்ப அட்டை என்று ஏதேனும் ஒரு மனுவுடன் மாவட்டத்தின் பல மூலைகளிலிருந்தும் முதியவர்கள் வருகிறார்கள். மனுவை எழுதியவர் வேறொருவர். கீழே இருப்பது கைநாட்டு. இவர்களுக்கும் 'டிஜிட்டல்' தெரியாமலில்லை. நன்றாகவே தெரியும். நியாயவிலைக் கடைக் கருவியில் தேய்ந்த விரல் ரேகை விழாமல் போவதுதான் அவர்கள் அறிந்த டிஜிட்டல். பேரனின் எண்ணுக்குப் போய்விட்ட ஓடிபி, இ-சேவை மையத்தில் 'சர்வர் வேலை செய்யல, நாளைக்கு வாங்க' என்னும் பதில் ஆகியவையும் அதில் அடக்கம். ஒவ்வொரு திரையும் அவர்களிடம் இதுகாறும் கேட்டிருப்பது 'நீ நீதானா, நிரூபி' என்பதையே. அதே திரை இப்போது 'உன் நினைவைக் காக்க வந்திருக்கிறேன்' என்று சொன்னால் அவர்கள் ஐயுறுவது இயல்பு.

அடுத்து, மொழி. இது எம் போன்ற தமிழாசிரியர்களின் கவலை மட்டுமன்று. சுகாதாரச் செயலிகள் பலவற்றில் தமிழ் என்ற பெயரில் இருப்பது ஆங்கில வாக்கியத்தின் எலும்புக்கூடு. 'உங்கள் உடல் செயல்பாட்டின் தீவிரத்தை மிதமான அளவில் அதிகரிக்கவும்' என்பது போன்ற ஒரு தொடரைப் படித்துவிட்டு எழுந்து நடந்தவர் எவரேனும் உண்டா? 'பேசிக்கொண்டே நடக்க முடியணும், பாட்டுப் பாட முடியாத அளவுக்கு வேகமா நடங்க' என்றால் புரியும். முந்தியதைப் படிக்க எழுத்தறிவு வேண்டும். பிந்தியதற்குக் காது போதும். கீரை, கேழ்வரகு, கொள்ளு, நல்லெண்ணெய் எல்லாம் நிறைந்த சமையற்கட்டில் ஆலிவ் எண்ணெயையும் புளூபெர்ரியையும் பரிந்துரைக்கும் செயலி, தன் முன் இருப்பவர் யார் என்பதையே அறியாதது.

சோதனைகளிலும் இதே சிக்கல்தான். நினைவாற்றலை அளக்க உலகெங்கும் வழங்கும் வினாக்களில், ஒரு சொல்லின் எழுத்துகளைத் தலைகீழாகச் சொல்லுதல், கடிகாரம் வரைதல், நூறிலிருந்து ஏழேழாகக் கழித்தல் போன்றவை உண்டு. இவை அளப்பது மூளையையா, பள்ளிக்கூடத்தையா? எங்கள் மாவட்டத்துப் புரிசை தெருக்கூத்துக்குப் பேர்போன ஊர். இரவு முழுதும் பாரதக் கதையைப் பாட்டும் வசனமுமாக நினைவிலிருந்தே நடத்தும் ஓர் எழுத்தறியாக் கலைஞர் கடிகாரம் வரையத் தவறினால், அவர் மறதிநோயர் ஆகிவிடுவாரா? அரியானாவின் பல்லப்கரில் நடந்த இந்திய-அமெரிக்க ஆய்வு இதனை எதிர்கொண்டது. மேரி கங்குலி முதலியோர் எழுத்தறியாதோருக்கென்றே 1995இல் ஒரு சோதனையை வடிவமைத்தனர். சொல்லைத் தலைகீழாக எழுத்துக்கூட்டச் சொல்வதற்குப் பதிலாக, வாரத்தின் கிழமைகளைப் பின்னிருந்து முன்னாகச் சொல்லச் சொன்னார்கள். மாற்றம் சிறியதுதான். ஆனால் ஒரு மனிதரை அவர் உலகத்திலிருந்து அணுகுவதற்கும் நம் உலகத்திலிருந்து அணுகுவதற்கும் உள்ள தொலைவு முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. செயலி செய்வோர் கற்க வேண்டிய பாடம் இது.

திரையை மட்டும் நம்பினால் என்னாகும் என்பதற்கும் இந்தியாவிலேயே சான்று உண்டு. மறதிநோயரைப் பேணும் குடும்பத்தாருக்காக உலகச் சுகாதார நிறுவனம் உருவாக்கிய 'ஐ-சப்போர்ட்' என்னும் இணையப் பயிற்சி, பெங்களூரு நிம்ஹான்சைச் சேர்ந்தோரின் முயற்சியில் இங்கே சோதிக்கப்பட்டது. சேர்ந்தோர் 151 பேர். இறுதிவரை நின்றோர் அவர்களில் பாதியைக் கூட எட்டவில்லை. அமெரிக்காவில் 2111 பேரிடம் நடந்து 2025இல் வெளியான 'பாயிண்டர்' ஆய்வு இன்னொரு கோணத்தைக் காட்டுகிறது. தம் விருப்பப்படி வாழ்க்கை முறையை மாற்றிக் கொண்டவர்களும், குழுவாகக் கூடி வழிகாட்டியின் துணையுடன் மாற்றிக் கொண்டவர்களும் ஆகிய இரு சாராரும் முன்னேறினர். கூடியவர்கள் சற்றே அதிகமாக முன்னேறினர். வேறுபாடு சிறியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் தனிமையே பதினான்கு காரணிகளில் ஒன்றாக இருக்கும்போது, அதற்கான மருந்தைத் தனியே அமர்ந்து ஒரு திரையைப் பார்க்கும் வடிவில் கொடுப்பது விந்தைதான்.

எமது கருத்து இதுதான்: நம் ஊர்களில் மறதிநோய்த் தடுப்புக்கான டிஜிட்டல் சேவை என்பது முதியவரின் கையில் இருக்கும் கைபேசியாக இருக்க முடியாது. அவர் வீட்டுக்கு வரும் ஒருவரின் கையில் இருக்கும் கைபேசியாக இருக்க வேண்டும்.

இது கற்பனை அன்று. தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருமுறை நடந்துகாட்டப்பட்டது. அரவிந்த் கண் மருத்துவமனை 2004 முதல் தேனிப் பகுதியில் தொடங்கிப் பல ஊர்களில் பார்வை மையங்களை அமைத்தது. அங்கே இருப்பவர் மருத்துவர் அல்லர். பயிற்சி பெற்ற பணியாளர். அவர் கண்ணைச் சோதித்துப் பதிவுகளை அனுப்ப, தொலைவிலிருக்கும் மருத்துவர் திரை வழியே நோயாளியிடம் பேசி முடிவு சொல்கிறார். நோயாளி எந்தப் பொத்தானையும் அழுத்த வேண்டியதில்லை. பார்வை இழப்பு லான்செட் பட்டியலில் 2024இல்தான் சேர்ந்தது. அவ்வகையில், மறதிநோய்த் தடுப்பு என்ற பெயர் இல்லாமலே அப்பணியை இம்மையங்கள் இருபதாண்டுகளாகச் செய்துவந்திருக்கின்றன.

இரண்டாவது, 'மக்களைத் தேடி மருத்துவம்'. 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட இத்திட்டத்தின்படி, மகளிர் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதித்தனர், மாத்திரையை வாசலிலேயே கொடுத்தனர், விவரங்களைப் பதிவேற்றினர். 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் இதற்குக் கிடைத்தது. அழுத்தம், நீரிழிவு என்று பதினான்கில் இரண்டை இத்திட்டம் வாசலிலேயே கையாண்டது. அதே வருகையில் இன்னும் நான்கு கேள்விகளைச் சேர்ப்பது மலையைப் புரட்டும் வேலை அன்று. காது கேட்கிறதா? கண் தெரிகிறதா? நேற்று யாருடன் பேசினீர்கள்? வழக்கமாகச் செய்யும் வேலையில் அண்மையில் தடுமாற்றம் உண்டா? விடைகளைப் பெறுபவர் அதே ஊர்ப் பெண். 'ஆயா' என்றும் 'பெரியம்மா' என்றும் உறவு சொல்லிப் பேசுபவர். எந்தச் செயலியாலும் இந்த விளியை உண்டாக்க முடியாது.

காதைப் பற்றித் தனியே ஒரு சொல். கேள்திறன் இழப்பைத்தான் நாம் மிகவும் அலட்சியப்படுத்துகிறோம். காது கேளாத முதியவரிடம் பேச்சு குறைகிறது. பேச்சு குறையத் தனிமை கூடுகிறது. தனிமை கூட மூளைக்கு வேலை குறைகிறது. 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வொன்றில், காது கேட்கும் கருவி பெற்ற அனைவருக்கும் சேர்த்துப் பார்த்தபோது பெரிய பயன் தெரியவில்லை. ஆனால் நோய் வரும் வாய்ப்பு மிகுந்த பிரிவினரிடம் அறிவுத்திறன் சரிவு மூன்றாண்டுகளில் 48 விழுக்காடு மட்டுப்பட்டது. கண்ணாடி அணிவதில் இல்லாத கூச்சம் காதுக்கருவி அணிவதில் நமக்கு இருக்கிறது. இக்கூச்சத்தைப் போக்க மென்பொருள் தேவையில்லை.

செயலி வணிகத்தின் மற்றொரு முகத்தையும் குறிப்பிட வேண்டும். 'லுமோசிட்டி' என்னும் மூளை விளையாட்டுச் செயலி, முதுமையின் மறதியைத் தள்ளிப்போடும் என்று விளம்பரம் செய்தது. போதிய சான்று இல்லாமல் மக்களின் அச்சத்தைப் பயன்படுத்தியதாகக் குற்றஞ்சாட்டிய அமெரிக்க வணிக ஆணையத்துக்கு, 2016இல் அந்நிறுவனம் 20 லட்சம் டாலர் செலுத்த உடன்பட்டது. அத்தகைய விளம்பரங்கள் தமிழில் வரும் காலம் தொலைவில் இல்லை. தரவு இன்னொரு சிக்கல். ஒருவர் எத்தனை முறை சாவியை மறந்தார், எத்தனை அடி நடந்தார் என்னும் குறிப்புகள் காப்பீட்டு நிறுவனத்தின் கைக்கோ, சொத்துக்காகக் காத்திருக்கும் உறவினர் கைக்கோ போனால் விளைவு என்ன? தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புக்கென 2023இல் சட்டம் வந்துவிட்டது. ஆனால் ஒப்புதல் என்னும் சொல்லின் மீது எழுந்த சட்டம் அது. தன் நினைவே நழுவத் தொடங்கியவர் அளிக்கும் ஒப்புதலுக்கு என்ன பொருள் என்பதை நாம் இன்னும் பேசத் தொடங்கவில்லை.

இறுதியாக, பட்டியலின் முதல் காரணிக்கு வருவோம்: இளமைக் கல்வி. இன்று எண்பதைத் தொடும் கிராமத்துப் பெண் பள்ளிக்குச் செல்லும் வயதில் காமராசரின் மதிய உணவுத் திட்டம் வந்துகொண்டுதான் இருந்தது. 1956இல் அது தொடங்கியபோதும், தம்பி தங்கையைத் தூக்கிக் கொண்டு வீட்டில் நின்ற பெண்களே அதிகம். எழுபது ஆண்டுகளுக்கு முன் மறுக்கப்பட்ட பள்ளியின் விளைவு இன்று மறதியாக வந்து நிற்கிறது. ஆகவே பெண்பிள்ளை ஒருத்தியை இடைநிற்காமல் படிக்க வைப்பதும் மறதிநோய்த் தடுப்புத்தான். பலன் தெரிய அரை நூற்றாண்டு ஆகும், அவ்வளவே.

அதே வேளையில், கல்வி என்பது எழுத்து மட்டும் அன்று என்பதற்கும் ஒரு சான்று இருக்கிறது. சுவர்ணா அல்லாடி குழுவினர் ஐதராபாத்தில் 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவின்படி, ஒரு மொழி மட்டும் பேசியோரைவிட இருமொழி பேசியோருக்கு நோய் நான்கரை ஆண்டுகள் தாமதமாக வந்தது. எழுத்தறியாதோரிடமும் இத்தாமதம் காணப்பட்டது. வேறு சில ஆய்வுகள் இதனை உறுதிசெய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆயினும் வட ஆர்க்காட்டுப் பகுதியில் வீட்டில் தெலுங்கும் உருதும் பேசிச் சந்தையில் தமிழில் புழங்கும் முதியோர் ஏராளம். அவர்களை 'படிக்காதவர்' என்னும் ஒற்றைச் சொல்லால் அளப்பது எத்துணைப் பிழை என்பதற்கு இது ஒரு நினைவூட்டல்.

இதில் எம் போன்றோர் செய்யக்கூடியதும் உண்டு. சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனத்தார், நோய் தொடங்கியோருக்கான குழுப் பயிற்சி ஒன்றைத் தமிழ் முதியோருக்கேற்ப மாற்றியமைத்திருக்கிறார்கள். பேச்சும் பாட்டும் பழைய நினைவுகளுமே அதன் பாடங்கள். வரும்முன் காப்பதற்கு அத்தகைய பாடங்களை எழுதுவோர் தமிழ்த்துறையினராக ஏன் இருக்கக் கூடாது? முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் எம் மாணவர்களின் கைகளில் கைபேசி இருக்கிறது. வீட்டில் பாட்டி இருக்கிறார். நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஒரு பகுதியாக வாரம் ஒரு மணிநேரம் அவரிடம் நடவுப் பாட்டையும் ஊர்க்கதையையும் கேட்டுப் பதிவு செய்யச் சொல்லலாம். மொழிக்கு ஆவணம், பாட்டிக்குப் பேச்சுத்துணை. இது நோயைத் தடுத்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. தடுமாற்றம் தொடங்கினால் அதை முதலில் கவனிக்கும் ஆளாக அந்தப் பேரனோ பேத்தியோ இருப்பார். அதுவே பெரிது. ஏனெனில் மறதிபோலத் தோன்றுவன எல்லாம் மறதிநோய் அல்ல. தைராய்டு குறைவு, பி12 உயிர்ச்சத்துக் குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவற்றால் வரும் தடுமாற்றத்தைச் சரிசெய்ய முடியும். 'வயசானா அப்படித்தான்' என்று விட்டுவிட்டால் அதுவும் கைநழுவிப் போகும்.

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமிக்கு ஒருமுறை அதைச் சுற்றுவது பக்தி. வாரத்தில் ஐந்து நாள் அரை மணிநேரம் நடப்பது மருத்துவர் கேட்பது. இரண்டையும் துணையோடு பேசிக்கொண்டு செய்யலாம். நடக்க முடியாதவர் வீட்டில், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் எவ்வளவு, காதும் கண்ணும் எப்படி, பேச ஆள் உண்டா என்று கேட்கலாம். ஐயம் எழுந்தால் முதியோர் உதவி எண் 14567, மனநல உதவி எண் 14416 ஆகியவை இருக்கின்றன. எண்ணை அழுத்துவதும் கேட்டதை முதியவரின் தமிழில் எடுத்துச் சொல்வதும் நம் வேலை.